பங்கு விலைச் சூழ்ச்சி: உழைத்த பணத்தைக் காப்போம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பங்குச் சந்தையைப் பற்றித் தோட்டத்து மண்டபத்தில் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும் நமக்கும், கோலாலம்பூரில் உயர்ந்த மாளிகைகளில் நடைபெறும் பங்கு வாணிபத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி ஒரு காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி, பங்குச் சந்தையை லயத்து வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது. அதன் வழியே நல்ல வாய்ப்பும் வருகிறது. நம் பணத்தைப் பறிக்க நினைக்கும் கையும் வருகிறது.

அந்தக் கை நம்மைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழிலாளி முப்பது ஆண்டுகள் உழைத்தபின் அவருக்கு மிஞ்சுவது ஊழியர் சேமநிதிப் பணம். ஐம்பத்தைந்து வயதில் அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வருகிறது. 2024 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் தேதி முதல், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பகுதி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்கில் சேர்ந்து வருகிறது. இவ்வளவு பணம் இவரிடம் இருக்கும் என்பதை மோசடிக்காரர்கள் நன்கு அறிவார்கள். நம்மில் பலருக்கு வேலை முடியும் நாளில் தோட்டத்து வீடும் கைவிட்டுப் போகும். அன்றைக்குத் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டுமானால், அது இந்தச் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே, இன்று நாம் பேசப்போவது பணக்காரர்களின் பிரச்சினையைப் பற்றியல்ல; நம் வீட்டுக் கூரையைப் பற்றியே பேசுகிறோம்.

பங்கு என்பது யாது?

ஒரு நிறுவனத்தின் உடைமையைப் பல சம கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறே பங்கு எனப்படும். பங்கை வாங்குவோர் அந்த நிறுவனத்தில் ஒரு சிறு உடைமையாளர் ஆகிறார். நிறுவனம் இலாபம் ஈட்டினால் அவருக்கும் அதில் ஒரு பகுதி கிடைக்கலாம். நட்டம் அடைந்தால் அவருடைய பங்கின் மதிப்பும் குறையும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கிய காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி அச்சங்கத்தின் பங்குகளை வாங்கினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. பங்குக்குப் பின்னால் நிலம் இருந்தது. நிலத்தில் மரம் இருந்தது. மரத்தில் பால் இருந்தது. பணம் கொடுத்தவர் தம் பணம் எங்கே இருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே காண முடிந்தது. இந்த அடிப்படையை நாம் நெஞ்சில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் சூழ்ச்சிகள் எளிதில் விளங்கும்.

சந்தையில் விற்கப்படும் பங்கிற்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, நிறுவனத்தின் உண்மையான மதிப்பு. மற்றொன்று, இன்றைக்கு ஒருவர் கொடுக்க முன்வரும் விலை. இவ்விரண்டும் எந்நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இவற்றுக்கு இடையேயுள்ள இடைவெளியில்தான் சூழ்ச்சிக்காரன் தன் கடையை விரிக்கிறான்.

வாளியில் ஏறும் தண்ணீர்

பால் வெட்டும் தொழிலை அறிந்த நமக்கு ஓர் உண்மை தெரியும். வாளி நிறைந்திருப்பதனால் மட்டும் ரப்பர் நிறைந்திருக்கிறது என்று பொருளாகாது. நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது கிலோவே தேறும். யாரேனும் பாலில் தண்ணீரைக் கலந்தால் வாளியில் பால் ஏறும், ரப்பர் ஏறாது. அதனால்தான் நிறுவையின்போது எடையோடு நின்றுவிடாமல், பாலின் கெட்டித் தன்மையையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

பங்கின் விலையிலும் இப்படித் தண்ணீர் கலக்க முடியும். அதைச் செய்யும் முறையை ஒரு கணக்கின் மூலம் விளக்குவோம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு.

ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பங்குகள் மொத்தம் ஒரு கோடி. ஒரு பங்கின் விலை 10 சென். பெரிய வருமானம் ஏதும் இல்லாத அந்நிறுவனத்தை எவரும் கவனிப்பதில்லை. ஒரு கூட்டத்தினர் பல பெயர்களில் கணக்குகளைத் திறந்து, ஓசையின்றி 80 இலட்சம் பங்குகளை வாங்கிவிடுகின்றனர். அவர்களுக்கு ஆன செலவு 8 இலட்சம் ரிங்கிட். இனி வெளியாரிடம் இருப்பது 20 இலட்சம் பங்குகளே. அவற்றிலும் விற்பனைக்கு வருபவை மிகச் சில.

அதன்பின் அவர்கள் தமக்குள்ளேயே வாணிபம் செய்யத் தொடங்குகின்றனர். முதலாமவன் இரண்டாமவனுக்கு 12 சென்னுக்கு விற்கிறான். இரண்டாமவன் மூன்றாமவனுக்கு 15 சென்னுக்கு விற்கிறான். மூன்றாமவன் மீண்டும் முதலாமவனுக்கே 20 சென்னுக்கு விற்கிறான். பணம் வலது பையிலிருந்து இடது பைக்குப் போகிறது. தரகுக் கூலி மட்டுமே செலவு. ஆனால் சந்தைத் திரையைப் பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? விலை இரட்டிப்பாகிவிட்டது; நாள்தோறும் இலட்சக்கணக்கில் பங்குகள் கைமாறுகின்றன. அந்நேரம் பார்த்து ஒரு வதந்தியும் கிளப்பிவிடப்படுகிறது. “பெரிய குத்தகை கிடைக்கப்போகிறது”, “வெளிநாட்டார் வாங்கப்போகிறார்கள்” என்பன போன்ற பேச்சுகள் பரவுகின்றன.

வெளியார் வரத் தொடங்குகின்றனர். விலை 25 சென், 40 சென், 60 சென் என்று ஏறுகிறது. இப்போது கூட்டத்தினர் தம் 80 இலட்சம் பங்குகளையும் சிறிது சிறிதாக வெளியாரின் கையில் தள்ளிவிடுகின்றனர். சராசரியாக 50 சென் கிடைத்தாலும் 40 இலட்சம் ரிங்கிட் சேர்ந்துவிடும். நிறுவனம் கூடுதலாக ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. அப்படியானால் இந்த 32 இலட்சம் ரிங்கிட் ஆதாயம் எங்கிருந்து வந்தது? பின்னால் வந்து வாங்கியவர்களின் பையிலிருந்து வந்தது.

விலையைத் தாங்கிப் பிடித்த கைகள் விலகியவுடன் பங்கு சரிகிறது. 60 சென்னுக்கு 10,000 பங்குகளை வாங்க 6,000 ரிங்கிட் கொடுத்தவர், விலை 8 சென்னுக்கு இறங்கும்போது 800 ரிங்கிட்டுக்கு உரியவராகிறார். அந்த 800 ரிங்கிட்டும் அவரிடம் வாங்க ஓர் ஆள் இருந்தால்தான் கைக்கு வரும்.

இதில் வேறு சில தந்திரங்களும் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல், பெரிய அளவில் வாங்கப்போவதுபோல் விண்ணப்பங்களைக் காட்டி, கடைசி நேரத்தில் அவற்றை நீக்கிவிடுவது ஒன்று. விற்பவர் கேட்கும் எந்த விலையையும் கொடுத்து வாங்கும்படி தரகரை ஏவி, ஒரே நாளில் விலையை உயர்த்துவது மற்றொன்று. நம் நாட்டில் ரெப்கோ என்னும் நிறுவனத்தின் பங்கு விலையில் 1997 டிசம்பர் 3 ஆம் தேதி இத்தகைய செயல் நிகழ்ந்தது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. செஷன்ஸ் நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கு ஐந்தாண்டுச் சிறையும் 50 இலட்சம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. செயல் நடந்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டம் தண்டிக்கும்; ஆனால் இழந்த பணத்தை அது நம் கையில் கொண்டுவந்து கொடுக்கும் என்று எண்ணிக்கொண்டு எவரும் சந்தையில் இறங்கலாகாது.

ரப்பரின் பெயரால் நடந்த கூத்து

பங்கு விலை மயக்கம் நம் தொழிலோடும் ஒரு காலத்தில் பின்னிப் பிணைந்திருந்தது. 1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் மூன்று ஷில்லிங்குக்கும் குறைவாக விற்றது. மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பருக்குத் தேவையும் பெருகியது. 1910 ஏப்ரலில் அதே ஒரு ராத்தலின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கங்காணிகளின் வழியே நம் முன்னோர் கப்பலேறி வந்து, மலாயாக் காடுகளை அழித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அவர்கள் இங்கே கன்று நட்டுக்கொண்டிருந்த வேளையில், இலண்டனிலும் சீனத்தின் ஷாங்காய் நகரத்திலும் ரப்பர் நிறுவனங்களின் பங்குகளை மக்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினர். ரப்பர் என்ற சொல் பெயரில் இருந்தால் போதும், பங்கு விற்றுவிடும் என்ற நிலை ஏற்பட்டது. அப்படிப் பங்கு விற்ற நிறுவனங்களுள் சிலவற்றின் நிலத்தில் பால் வெட்டத்தக்க மரம் ஒன்றுகூட இல்லை. நட்ட கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை ஒரு தோட்டத் தொழிலாளியைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். ஷாங்காயில் பங்கு வாங்கியவர்கள் அதைக் கேட்கவில்லை. விலை ஏறுவதை மட்டுமே பார்த்தனர். பலர் கடன் வாங்கிப் பங்கு வாங்கினர்.

அதே ஆண்டு ரப்பர் விலை இறங்கத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1910 ஜூலையில் ஷாங்காயின் உள்ளூர் வங்கிகள் சில அடுத்தடுத்து மூடப்பட்டன. ரப்பர் மரத்தையே காணாத பல குடும்பங்கள் ரப்பரின் பெயரால் சேமிப்பை இழந்தன.

இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் எளியது. பங்கின் விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டவுடன், “மரம் எங்கே? பால் எங்கே?” என்று கேட்க வேண்டும். அந்நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, எவ்வளவு ஈட்டுகிறது என்பதற்குப் பதில் கிடைக்காதவரை, விலை ஏறுவது ஒரு சான்றாகாது.

அண்டை நாட்டில் 2013 இல் நடந்தது

நூறாண்டுகளுக்கு முந்தைய கதை என்று இதை ஒதுக்கிவிட இயலாது. 2013 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சந்தையில் நடந்ததைக் கேளுங்கள். புளூமாண்ட், ஏசியாசன்ஸ் கேப்பிட்டல், லயன்கோல்ட் என்னும் மூன்று நிறுவனங்களின் பங்குகள் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போயின. புளூமாண்ட் பங்கு அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடிவதற்குள் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஏன் இப்படி ஏறுகிறது என்று பங்குச் சந்தை நிர்வாகமே அக்டோபர் முதல் தேதி அந்நிறுவனத்தைக் கேட்டது.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 4 ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், சந்தை திறந்த சிறிது நேரத்துக்குள் மூன்று பங்குகளும் ஒருசேரச் சரிந்தன. சில தம் மதிப்பில் பாதிக்கும் மேல் இழந்தன. அன்றே அவற்றின் வாணிபம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தச் சரிவில் அழிந்த பங்கு மதிப்பு ஏறத்தாழ 800 கோடி சிங்கப்பூர் வெள்ளி என்று கணக்கிடப்பட்டது.

பின்னர் நடந்த வழக்கில் வெளிவந்த செய்தியே நமக்கு முக்கியமானது. 2012 ஆகஸ்டு முதல் 2013 அக்டோபர் வரை அந்தப் பங்குகளின் விலையை ஆட்டிவைப்பதற்குப் பயன்பட்டவை 189 வாணிபக் கணக்குகள். அவை 58 தனிநபர்கள், நிறுவனங்களின் பெயர்களில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பலர் போட்டியிட்டு வாங்குவதாகத் தோன்றியது. உள்ளே ஆட்டிவைத்த கைகள் மிகச் சிலவே. சூத்திரதாரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கு உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் 36 ஆண்டுகளும் 20 ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதித்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. “இத்தனை பேர் வாங்குகிறார்களே, எல்லாரும் முட்டாள்களா?” என்ற எண்ணம் நமக்கு எழுமாயின், அந்த இத்தனை பேரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதை நினைவுகூர வேண்டும். மேலும், இவை போலி நிறுவனங்கள் அல்ல. முறையாகச் சந்தையில் பதிவு பெற்றவை. பதிவு பெற்ற பங்கு என்பதனால் மட்டும் அதன் விலை நேர்மையானது என்று ஆகிவிடாது.

இன்று நம் வாசலுக்கு வரும் வழி

சூழ்ச்சிக்காரன் இன்று தெருவழியே வருவதில்லை. ஒருநாள் நம் கைத்தொலைபேசி எண் நம்மைக் கேளாமலே ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ டெலிகிராம் குழுவிலோ சேர்க்கப்பட்டிருக்கும். அக்குழுவில் ‘ஆசிரியர்’ அல்லது ‘மாஸ்டர்’ என்று ஒருவர் இருப்பார். முதல் சில நாள்கள் அவர் நம்மிடம் பணமே கேட்கமாட்டார். நாளைக்கு இந்தப் பங்கு ஏறும் என்பார், அது ஏறும். தம் கூட்டத்தைக் கொண்டு ஏற்றுவதே அவர்தான் என்பது நமக்குத் தெரியாது. “ஆயிரம் போட்டேன், ஆயிரத்து ஐந்நூறு எடுத்தேன்” என்று குழுவில் பலர் படத்தோடு நன்றி சொல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அவருடைய ஆட்களாகவே இருப்பர்.

இதன் பிறகு இரு வழிகள் உண்டு. ஒரு வழியில், உண்மையான பங்கையே வாங்கச் சொல்வார்கள்; நாம் மேலே சொன்ன கணக்கில் 60 சென்னுக்கு வாங்குபவர்களாக நம்மை ஆக்குவார்கள். மற்றொரு வழியில், பங்கே இருக்காது. அவர்கள் அனுப்பும் ஒரு செயலியை நாம் தொலைபேசியில் இறக்கிக்கொள்ள வேண்டும். பணத்தை ஏதோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்வார்கள். செயலியில் நம் இலாபம் நாள்தோறும் ஏறும். அது வெறும் படம். நம்பிக்கை பிறப்பதற்காக முதலில் நூறு, இருநூறு ரிங்கிட்டைத் திருப்பியும் கொடுப்பார்கள். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் சிக்குமா? பெரிய தொகையைக் கேட்கும் நாளில், “வரி கட்டவேண்டும்”, “கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டவேண்டும்” என்று மேலும் பணம் பறிப்பார்கள். புகழ்பெற்றவர்கள் பேசுவதுபோல் போலிக் காணொளிகளைக் கணினியால் உருவாக்கிக் காட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட வருந்தத்தக்கது, இந்தச் செய்தியை நமக்குக் கொண்டுவருபவர் பல வேளைகளில் நம் மைத்துனராகவோ, பக்கத்து வீட்டு அண்ணனாகவோ, கோயில் திருவிழாவில் தோளோடு தோள் நின்றவராகவோ இருப்பதுதான். அவர் நம்மை ஏமாற்ற வரவில்லை. அவரே ஏமாந்து, அதை அறியாமல், நாமும் நன்றாக இருக்கவேண்டும் என்ற அன்பினால் வருகிறார். அவருடைய நல்ல மனம், அந்தப் பங்கின் நற்சான்று ஆகாது. “அண்ணே, உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, உங்களுக்குச் சொன்னவனை எனக்குத் தெரியாது” என்று மரியாதையோடு மறுப்பதில் எவ்விதக் குற்றமும் இல்லை. இயலுமானால், அவர் போட்ட பணத்தில் பெரும்பகுதியை உடனே திரும்பக் கேட்டுப் பார்க்கும்படி அவரிடம் சொல்லுங்கள். பணம் வந்தால் அவருக்கு நன்மை. வராவிட்டால் இன்னும் கட்டாமலாவது அவர் தப்புவார்.

அறிகுறிகள்

சூழ்ச்சியைக் கண்டுகொள்ள உதவும் அறிகுறிகளைத் தொகுத்துச் சொல்கிறோம். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நின்று விசாரியுங்கள்; இரண்டு தென்பட்டால் விலகிவிடுங்கள்.

முதலாவது: நாம் தேடிப் போகாத ஆலோசனை நம்மைத் தேடி வருவது. முன்பின் அறியாத ஒருவர் நம்மைப் பணக்காரராக்கத் துடிப்பாரானால், சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழியை நினையுங்கள்.

இரண்டாவது: நிச்சயமான இலாபம் என்ற உறுதிமொழி. ஊழியர் சேமநிதி வாரியம் வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி உறுதியளிக்கும் ஈவு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. 2024 ஆம் ஆண்டுக்கு அது வழங்கியது 6.30 விழுக்காடு. அவ்வளவு பெரிய நிறுவனம் ஓராண்டில் தருவதைவிடக் கூடுதலாக, ஒரு மாதத்தில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதைக் கொண்டு தருவார்?

மூன்றாவது: விலை சில சென்னாக உள்ள, அதிகம் கைமாறாத சிறிய பங்கு, தக்க செய்தி ஏதுமின்றித் திடீரென ஏறுவது. இத்தகைய பங்குகளின் விலையை ஆட்டுவது எளிது.

நான்காவது: “இன்றே வாங்கவேண்டும், நாளை கிடைக்காது” என்ற அவசரம். நல்ல மரம் நாளைக்கும் பால் தரும்.

ஐந்தாவது: “வீட்டில் சொல்லாதே, இது உள்ளே இருப்பவர்கள் மட்டும் அறிந்த இரகசியம்” என்பது. மனைவியிடமும் மக்களிடமும் மறைக்கவேண்டிய முதலீடு எதுவும் நமக்கு வேண்டியதில்லை.

ஆறாவது: நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபரின் கணக்கில் பணம் கட்டச் சொல்வது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் சிலர், “சூழ்ச்சி என்று தெரியும், நாம் முன்னதாகவே வாங்கி, விழுவதற்குமுன் இறங்கிவிடுவோம்” என்று எண்ணுவதுண்டு. இதுவே மிக ஆபத்தான எண்ணம். வண்டி எங்கே நிற்கும் என்பது ஓட்டுபவனுக்கு மட்டுமே தெரியும். நாம் விற்க நினைக்கும் நாளில் அவன் தன் பங்கை முழுவதும் விற்று முடித்திருப்பான். அன்றியும், நாம் தப்பினால் நம் பங்கை வாங்கி மாட்டிக்கொள்பவர் நம்மைப் போன்ற இன்னொரு தொழிலாளியே.

பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். சூழ்ச்சிக்காரனுக்குப் பணம் மட்டும் போதாது. பல பெயர்களும் வேண்டும். “உன் அடையாள அட்டையைக் கொடு, வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் சில நூறு ரிங்கிட் தருகிறேன்” என்று யாரேனும் வந்தால், அதற்கு இணங்காதீர்கள். நம் நாட்டில் பங்குகளை வைத்திருக்கும் மத்திய வைப்பகக் கணக்கு, உண்மையான உடைமையாளரின் பெயரிலோ சட்டம் ஏற்ற நியமனதாரரின் பெயரிலோதான் இருக்கவேண்டும். வங்கிக் கணக்கைத் தக்க அதிகாரமின்றிப் பிறர் கையில் ஒப்படைப்பதும் 2024 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி குற்றமாகும். பணம் அவனுக்கு, வழக்கு உங்களுக்கு என்று முடிந்துவிடும்.

பங்கு விலையைச் சூழ்ச்சியால் ஏற்றுவதும் இறக்குவதும் 2007 ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி கடுங்குற்றம். பத்தாண்டுகள் வரை சிறையும், பத்து இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம்.

என்ன செய்யவேண்டும்?

முதலீடு செய்ய விரும்புவோர் முதலில், ஆலோசனை கூறுபவர் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். 1993 முதல் இயங்கிவரும் மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் உரிமம் பெற்றவர்களின் பட்டியலையும், உரிமமின்றிச் செயல்படுவோரைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலையும் வெளியிடுகிறது. கைத்தொலைபேசியில் மோசடிக் குழுவைப் பார்க்க முடிந்த நமக்கு, அதே தொலைபேசியில் இப்பட்டியல்களையும் பார்க்க முடியும். இயலாதவர்கள் படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அடுத்து, நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கேளுங்கள். அது ஈட்டிய வருமானம் என்ன, கடன் என்ன என்பதைப் பாருங்கள். விளங்காவிட்டால் வாங்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவதை அறவே விலக்குங்கள். நகையை அடகு வைத்தோ, ஆலோங்கிடம் வட்டிக்கு வாங்கியோ பங்கில் போடுவது, ஒரே நேரத்தில் இரண்டு குழிகளில் விழுவதாகும். வீட்டுக்கென ஒதுக்கிய பணத்தையும் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தையும் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பணம் கட்டிய உடனேயே உணர்ந்தால், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணையோ உங்கள் வங்கியையோ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுக்க முயல்வதற்காகவே அந்த எண் ஏற்படுத்தப்பட்டது. பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். குழுவில் வந்த செய்திகளையும் பணம் கட்டிய இரசீதுகளையும் அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள், அவையே சாட்சி. போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்று பின்னால் வருபவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரைக் கேலி செய்யாதீர்கள். அடுத்தவர் முன்னிலையில் அவரைக் குறைகூறாதீர்கள். நாணத்தினால் வாய் திறவாதவர், இழந்ததை மீட்க எண்ணி இருப்பதையும் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். அவர் வாய் திறந்து சொன்னால் அவருடைய பணத்தில் ஒரு பகுதியேனும் தப்பக்கூடும். அவரைக் கேட்டு, பக்கத்து லயத்தில் இன்னும் பத்துக் குடும்பங்களும் தப்பக்கூடும்.

பெருமக்களே! பங்குகள் அனைத்தும் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் மாதம் பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கினார்கள் என்றால், அதுவும் பங்கினால் ஆன காரியமே. அன்று அவர்கள் விலை ஏறுமா என்று பார்க்கவில்லை; மரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாலில் தண்ணீர் கலந்திருப்பதைச் சோதித்தறியும் தொழிலில் வாழும் நாம், நம் பணத்துக்கு வரும் விலையையும் அதே விழிப்போடு சோதிப்போமாக! வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் நம் கை வலித்திருக்கிறது. அந்த வலியில் சேர்த்த பணம், நம் முதுமையில் நமக்கே கூரையாக நிற்கட்டும்.